மீனவர் கையில் காசு நிற்காதா? – உப்பு முதல் தடைக்கால நிவாரணம் வரை

பழனியிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கும் கீரனூருக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. கடல் மீன் ஐஸ் பெட்டியில் வரும், கருவாடு மூட்டையில் வரும், அதோடு சரி. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 தாண்டியதும் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் இந்த மாதிரி ஊர்களிலும் மீன் விலை ஏறிவிடும். காரணம் கேட்டால் "தடைக்காலம்" என்பார் கடைக்காரர். அதை ஒட்டி பேப்பரில் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் என்று ஒரு செய்தி வரும். உடனே டீக்கடை பெஞ்சில் ஒரு தீர்ப்பும் வரும்: "அவங்களுக்கு எவ்வளவு குடுத்தா என்ன, கையில நிக்கவா போகுது?"

இந்தத் தீர்ப்புக்கு வயது நூறுக்கு மேல். மீனவனுக்குச் சிக்கனம் தெரியாது, இன்றைக்குக் கிடைத்ததை இன்றைக்கே செலவு செய்துவிடுவான், அதனால்தான் கடனாளியாகவே இருக்கிறான் என்று வெள்ளைக்கார அதிகாரிகளும் நினைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு திட்டம் போட்டவர்களில் பலருக்கும் இதே எண்ணம்தான். ஆனால் அரசு கொடுத்த உதவியை மீனவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் வேறு ஒரு கணக்கு தெரிகிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதை முடிவு செய்திருக்கிறது.

முதலில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1887ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் இவர். அன்றைய கோவை மாவட்டத்தில் தாராபுரமும் அடக்கம். அதாவது கீரனூர் எல்லையைத் தாண்டினால் வரும் கிணற்றுப் பாசன பூமி அவருக்கு நன்றாகத் தெரிந்த பூமி. அடுத்து அரசாங்கம் அவரிடம் விவசாயிகளின் கடன் பிரச்சினைக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னது. ஐரோப்பாவில் கிராமக் கடன் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய மாதிரியான சங்கங்கள்தான் நம் ஊருக்குப் பொருந்தும் என்பது அவர் முடிவு. 1904ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அவருடைய அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

சரி, இதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வருடமே, 1905ல், இதே நிக்கல்சன் சென்னை மாகாணத்தின் மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1907ல் தொடங்கிய மாகாண மீன்வள அமைப்பின் பிதாமகர் அவர்தான். விவசாயி கடனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர் கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார் என்பது ஒரு வேடிக்கையான திருப்பம்.

ஆனால் விவசாயிக்குப் பொருந்திய கடன் முறை மீனவனுக்கு அப்படியே பொருந்தவில்லை. ஏன் என்று பார்ப்போம். கீரனூர்ப் பக்கத்து விவசாயிக்கு நிலம் இருக்கிறது. அடமானம் வைக்கலாம். வெள்ளாமை வருகிற மாதம் முன்கூட்டியே தெரியும், தவணையை அறுவடைக்குப் பிறகு என்று போடலாம். மீனவனுக்கு இந்த இரண்டும் கிடையாது. கடலுக்குப் பட்டா இல்லை. கட்டுமரமும் வலையும்தான் சொத்து. ஒரு ராத்திரிப் புயலில் அந்தச் சொத்து காணாமல் போய்விடும். வருமானமோ ஒரு நாள் கூடை கூடையாக, அடுத்த பத்து நாள் டீசலுக்குக்கூட வராது. வணிகவியல் பாடத்தில் வருமானம் வேறு, பண ஓட்டம் வேறு என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். மீனவனின் பிரச்சினையில் பாதி இந்த இரண்டாவது விஷயம்தான். வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சிறு விவசாயியைவிட அவன் அதிகம் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அந்தப் பணம் வந்த நாளும் தேவைப்பட்ட நாளும் ஒன்றாக இருக்காது.

இந்த இடைவெளியை அடைக்க கடற்கரையில் ஒரு ஏற்பாடு ரொம்ப காலமாகவே இருந்தது. அதுதான் முன்பணம். மீன் வாங்கும் வியாபாரி வலைக்கும் படகுக்கும் கல்யாணத்துக்கும் பணம் கொடுப்பார். இத்தனை மாதத்தில் திருப்பிக் கொடு என்று சொல்ல மாட்டார். வட்டி என்ற பேச்சுகூடப் பல இடங்களில் இருக்காது. ஒரே நிபந்தனை, பிடிக்கிற மீன் முழுவதும் அவர் கைக்கோ அவர் சொல்லும் ஏலக்காரர் கைக்கோ வரவேண்டும். வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. விலையில் கொஞ்சம் குறைப்பார், ஏலத்தில் கழிவு எடுப்பார். அசல் அப்படியே நிற்கும். வியாபாரிக்கும் அசல் திரும்பி வருவதில் அவசரம் கிடையாது, சொல்லப் போனால் திரும்பி வராமல் இருப்பதே அவருக்கு லாபம். கடன் தீர்ந்தால் மீனவன் வேறு ஆளுக்கு மீனை விற்றுவிடலாம் அல்லவா?

இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். சுரண்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் நடுராத்திரி மருத்துவச் செலவுக்குக் கேட்டால் கொடுக்கிறவர், மீன் படாத மாதம் வாசலில் வந்து நிற்காதவர், எந்தக் காகிதமும் கேட்காதவர் அந்த வியாபாரி ஒருவர்தான். அவரோடு போட்டி போட வந்த அரசுத் திட்டங்கள் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் பல விஷயங்கள் புரியும்.

நிக்கல்சனுக்கும் முன்னால் அரசு மீனவர்களுக்குச் செய்த ஒரு பெரிய உதவி உப்பு. அன்றைக்கு உப்புக்குக் கடுமையான வரி. 1882ல் மணங்குக்கு 2 ரூபாய், 1888ல் 2 ரூபாய் 8 அணா. கருவாடு போட உப்பு வேண்டும், வரி கட்டி உப்பு வாங்கிக் கருவாடு போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் 1870களிலிருந்து மாகாணக் கடற்கரை நெடுக மீன் பதனிடும் நிலையங்களை அரசு திறந்தது. வேலி போட்ட இடம். மீனை உள்ளே கொண்டுவர வேண்டும், வரியில்லாத உப்பை வாங்கி அங்கேயே உப்பிட வேண்டும், உப்பை வெளியே எடுத்துப் போகக் கூடாது. (அரசே வரி போட்டுவிட்டு அரசே விலக்கு கொடுத்ததை உதவி என்று சொல்லலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.)

இந்த உதவியின் வடிவம் கவனிக்க வேண்டியது. அது பணமாக வரவில்லை. மீன் கரைக்கு வந்த அதே நாளில், அதே கரையில் கிடைத்தது. மீன் அதிகம் பட்டு விலை சரிந்த நாளில், வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் உப்பில் போட்டுச் சில வாரம் கழித்து விற்கலாம். கருவாடு என்பது ஒரு வகையில் மீனவனின் சேமிப்புக் கணக்கு. இன்றைய வருமானத்தை அடுத்த மாதத்துக்கு நகர்த்தி வைக்கிற வழி. உள்நாட்டுச் சந்தைகளுக்கு கருவாடு மூட்டை மூட்டையாக வந்ததற்குப் பின்னால் இந்த உப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டையும் இருந்தது. மீன் பிடித்தவனே உப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்த வியாபாரி கரையில் பச்சை மீனை வாங்கி, நிலையத்துக்குள் கொண்டுபோய், மலிவு உப்பில் கருவாடாக்கி லாபம் பார்த்தார். காத்திருக்கப் பணம் உள்ளவனுக்குத்தான் சேமிப்புக் கணக்கு பயன்பட்டது. 1947ல் உப்பு வரியே நீக்கப்பட்ட பிறகு இந்த நிலையங்களின் அடிப்படைத் தேவையும் போய்விட்டது.

நிக்கல்சன் காலத்தில் மீன்வளத் துறை கூட்டுறவோடு குடியை விடச் சொல்லும் பிரசாரத்தையும் சேர்த்தே செய்தது. குடி ஒரு பிரச்சினையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் ரொக்கம் கைக்கு வருகிற, உடம்பு நோகிற எந்தத் தொழிலிலும் அது இருக்கிறது, கடற்கரைக் குடும்பங்கள் பல அதில் அழிந்திருக்கின்றன. ஆனால் குடிக்காத மீனவனும் வியாபாரியிடம் கடனாளியாகத்தான் இருந்தான். பிரசாரத்தால் அந்தக் கணக்கை மாற்ற முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு உதவியின் வடிவம் மாறியது. உப்புக்குப் பதில் படகு. 1953ல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் வேலையைத் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் இயந்திரப் படகுகளை மானியத்தோடும் தவணைக் கடனோடும் அரசு கொடுத்தது. சில மீனவர்களைக் குழுவாகச் சேர்த்து ஒரு படகு, மாதா மாதம் தவணை. இங்கேதான் பழைய தப்பு திரும்ப வந்தது. தவணை மாதத்துக்கு ஒரு முறை, மீன் அப்படி வருவதில்லை. மீன் பட்ட மாதத்தில் யாரும் இரண்டு மடங்கு வசூலிக்கவில்லை, படாத மாதத்தில் நிலுவை ஏறியது. நிலுவையைப் பார்த்த அதிகாரி "இவர்கள் திருப்பிக் கட்ட மாட்டார்கள்" என்று குறிப்பு எழுதினார். அதே மீனவன் அதே வருடம் வியாபாரிக்குக் கழிவைத் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்!

1960களில் இறால் ஏற்றுமதி சூடு பிடித்ததும் வெளியார் பணமும் கடற்கரைக்கு வந்தது. படகு ஒருவர் பெயரில், பணம் இன்னொருவருடையது என்ற நிலைமை பல துறைமுகங்களில் உருவானது. இழுவை மடிப் படகுகள் கரையோரம் வரை வந்து கட்டுமரக்காரர்களின் வலைகளை அறுத்தன, அடிதடி, படகு எரிப்பு என்று 1970கள் போனது. அதன் விளைவுதான் 1983ம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல் சிறு தொழில் மீனவருக்கு என்று அது ஒதுக்கியது. மானியம் ஒரே சமூகத்தை இரண்டாகப் பிளந்து, பிறகு அந்த இரண்டையும் பிரித்து வைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. நார்வே நம்மிடம் படகுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. ஆனால் நார்வே மீனவர்கள் சொந்த நாட்டில் வியாபாரிகளின் பிடியிலிருந்து தப்பித்தது படகால் மட்டும் இல்லை. 1938ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மீன் கரைக்கு வந்ததும் நடக்கும் முதல் விற்பனை மீனவர்களின் சொந்த விற்பனைச் சங்கங்கள் மூலமாகத்தான் நடக்க வேண்டும், குறைந்தபட்ச விலையையும் அந்தச் சங்கங்கள் நிர்ணயிக்கலாம் என்றது அந்தச் சட்டம். அப்படி ஒரு விற்பனை உரிமை நம் கரைக்கு வரவில்லை.

வேறு வழியில் அது கன்னியாகுமரிக் கரைக்கு வந்தது. 1970களிலும் 80களிலும் அங்கே கிராமம் கிராமமாக மீனவர் சங்கங்கள் உருவாயின. திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் நடந்த முயற்சி முன்மாதிரி. இந்தச் சங்கங்கள் சேர்ந்து 1980ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகப் பதிவு செய்துகொண்டன. இவர்கள் முதலில் கையில் எடுத்தது கடற்கரை ஏலத்தை. மீனை ஏலம் விடுவது சங்கத்தின் ஆள். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு உறுப்பினரின் சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு என்று அங்கேயே பிடித்துக்கொண்டு மீதி பணம் உறுப்பினருக்கு. நிறைய மீன் பட்டால் நிறைய கடன் அடையும், மீன் படாத நாளில் ஒரு பைசா கட்ட வேண்டாம். வியாபாரியின் முறையில் இருந்த நல்ல அம்சத்தை (வரும்போது பிடி, வராதபோது விடு) அப்படியே எடுத்துக்கொண்டு, கெட்ட அம்சத்தை (அசல் குறையவே குறையாது) வெட்டி எறிந்தார்கள்.

மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஊர்க் கோயிலுக்கு என்று கரையிலேயே பிடிப்பது அந்தக் கத்தோலிக்கக் கிராமங்களில் பழைய வழக்கம். அதனால் இப்படிப் பிடிப்பது யாருக்கும் புதிதாக இருந்திருக்காது. சேமிக்கவே தெரியாது என்று சொல்லப்பட்ட மக்கள் இந்த முறையில் சேமித்தார்கள், கடனையும் கட்டினார்கள். ஆள் அதே ஆள்தான். மாறியது வசூலிக்கும் நேரமும் இடமும்.

இந்தச் சங்கங்களுக்கு முன்பும் மீனவக் குடும்பங்கள் சேமிக்காமல் இல்லை. அந்தச் சேமிப்பு வங்கி மேனேஜர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். நல்ல பருவத்தில் ஒரு புது வலை, ஒரு சவரன் நகை. மோசமான பருவத்தில் அந்த நகை அடகுக் கடைக்குப் போகும், அடுத்த பருவத்தில் திரும்பி வரும். வீட்டில் இந்த வரவு செலவைப் பெரும்பாலும் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். கன்னியாகுமரிக் கரையின் முக்குவர் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் 1991ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இது விரிவாக வருகிறது. ஆண் கடலில் இருக்கும்போது கடன் வாங்குவது, கொடுப்பது, சீட்டுப் போடுவது, யாரிடம் எவ்வளவு புரட்டலாம் என்று தெரிந்து வைத்திருப்பது எல்லாம் பெண்களின் வேலை. ஆனால் சங்க உறுப்பினர் அட்டையும் படகுக் கடனும் ரொம்ப காலம் ஆண்கள் பெயரில்தான் இருந்தன. வீட்டின் நிதியமைச்சரை விட்டுவிட்டு வேறு யாருக்கோ பட்ஜெட் ஒதுக்கிய மாதிரி.

1990களின் தொடக்கத்தில் மத்திய அரசு சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கடல் மீனவர் மீன் படும் மாதங்களில் கூட்டுறவுச் சங்கம் மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். அதோடு மத்திய, மாநில அரசுகள் பணம் சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் திருப்பிக் கொடுக்கும். தொகை காலத்துக்குக் காலம் மாறியது. பிற்பாடு மீனவர் ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகக் கொடுப்பது என்று வந்தது. தமிழ்நாட்டில் மீனவப் பெண்களுக்கும் தனியாக இதே மாதிரித் திட்டம் வந்தது, மேலே சொன்ன குறை ஓரளவு சரியானது.

யோசித்துப் பார்த்தால் இது நல்ல யோசனை. கட்டிய பணம் மூன்று மடங்காகத் திரும்பி வருகிறது, எந்த வங்கியிலும் கிடைக்காத வட்டி. மீனவன் சேமிக்க மாட்டான் என்பது உண்மையானால் இந்தத் திட்டத்தில் ஆளே சேர்ந்திருக்கக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் வருடா வருடம் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். இங்கேயும் சிக்கல் நேரம்தான். பணம் நவம்பர் மழையில் தேவை. கோப்பு நகர்ந்து, ஒதுக்கீடு வந்து, கணக்கில் ஏறும்போது அந்தப் பருவமே முடிந்துபோன வருடங்கள் உண்டு. அப்படித் தாமதமாக வந்த பணம் என்ன ஆகும்? மழையில் வாங்கிய கடனுக்குப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பணம் வந்தது, போனது, அவ்வளவுதான் தெரியும். அது ஏற்கனவே சாப்பிட்ட சோற்றுக்கான பணம் என்று தெரியாது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை தலைகீழ். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்த அந்தப் பேரழிவுக்குப் பிறகு உதவி வெள்ளமாக வந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகு கொடுத்தன. சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இந்த உதவியை நிர்வகித்த விதம் தனியாக எழுத வேண்டிய விஷயம். பல ஊர்களில் வந்ததை எல்லாம் பொதுவில் வைத்து, தலைக்கட்டுக் கணக்குப்படி சமமாகப் பிரித்தார்கள். தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கட்டும் குடும்பம். யாருக்கு அதிக நஷ்டமோ அவருக்கு அதிகம் என்ற அரசு வழக்கத்துக்கும், எல்லோருக்கும் சமம் என்ற ஊர் வழக்கத்துக்கும் இடையில் பல அதிகாரிகள் திணறினார்கள். கடலில் நாளைக்கு யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஊரில் சமப் பங்கு என்பது ஒரு வகை இன்சூரன்ஸ். ஆனால் அந்த இன்சூரன்ஸிலும் ஓட்டை இருந்தது. வரி கட்டுவது ஆண்கள் என்பதால் ஆண் துணை இல்லாத விதவைகள் சில இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. மீன் விற்கும் பெண்களின் நஷ்டத்தை யாரும் நஷ்டமாக எழுதவில்லை.

இப்போது டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் 2001ல் நடைமுறைக்கு வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 45 நாள். 2017ல் அது 61 நாள் ஆனது, ஜூன் 14 வரை. நிவாரணத் தொகை முதலில் சில நூறு ரூபாயாக இருந்து 2011ல் 2,000 ஆனது, பிறகு 5,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அதை 8,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்.

ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். 2,000 ரூபாயை 45 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 44 ரூபாய். 5,000ஐ 61 நாளுக்குப் பிரித்தால் 82 ரூபாய். 8,000 என்றால் 131 ரூபாய். இது தனி ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு. இந்தத் தொகையை ஊதாரித்தனமாகச் செலவு செய்ய வேண்டுமானால் அதற்கே தனித் திறமை வேண்டும்.

அந்த 61 நாளில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வருமானம் நிற்கிறது, செலவு நிற்பதில்லை. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது, வலை கட்டுவது எல்லாம் இந்த மாதங்களில்தான். இதற்குப் படகு உரிமையாளர் மறுபடியும் ஏற்றுமதி ஏஜெண்டிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்குகிறார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பீஸ் கட்ட வேண்டும். படகில் கூலிப் பங்குக்குப் போகும் ஆள் உரிமையாளரிடம் முன்பணம் வாங்குகிறார், அதனால் அடுத்த பருவம் முழுக்க அந்தப் படகிலேயே கட்டுண்டு கிடக்கிறார். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் சிலர் அதுவரை கேரளப் படகுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். நிவாரணம் தடை தொடங்கும் முன்னால் வந்தால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாவது தளரும். தடை முடிந்த பிறகு வந்தால், முன்பு சொன்ன மாதிரி, கடன்காரர் கைக்கு நேராகப் போகும். சீக்கிரம் கொடுங்கள் என்று மீனவர் சங்கங்கள் கேட்பதற்குக் காரணம் பொறுமையின்மை இல்லை.

பிரேசிலில் 1990களின் தொடக்கத்திலிருந்து இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. இனப்பெருக்கத் தடை இருக்கும் மாதங்களுக்கு, சிறு மீனவருக்கு மாதம் ஒன்றுக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளம். அதை அவர்கள் நிவாரணம் என்று சொல்வதில்லை, வேலையில்லாக் கால இன்சூரன்ஸ் என்கிறார்கள். அங்கே வேறு தலைவலி. மீனே பிடிக்காதவர்களும் மீனவர் என்று பதிவு செய்துகொண்டார்கள், பட்டியல் வீங்கிவிட்டது. எந்த ஊரிலும் திட்டம் என்றால் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆனால் தொகையைச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தோடு கட்டியதால், ஒவ்வொரு முறையும் மாநாட்டு மேடை அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

2018 மத்திய பட்ஜெட்டில் விவசாயிகளின் கிசான் கிரெடிட் கார்டு மீனவருக்கும் நீட்டிக்கப்பட்டது. நிக்கல்சன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ. ஆனாலும் விவசாயியோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. 2006லும் 2021லும் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. 2021ல் மட்டும் 12,110 கோடி ரூபாய். கீரனூர் பக்கத்து விவசாயிகளும் பயன்பெற்றிருப்பார்கள், அது நியாயமான உதவியும்கூட. அப்போது அந்த டீக்கடை பெஞ்சில் யாரும் "கையில நிக்கவா போகுது" என்று கேட்டிருக்க மாட்டார்கள். நிலம் கண்ணுக்குத் தெரிகிறது, பணம் அதில் போனதாக எல்லோரும் நம்புகிறார்கள். கடலில் போட்ட பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதே பழனி வட்டாரத்தின் அணைகளிலும் குளங்களிலும் வலை வீசும் உள்நாட்டு மீனவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். தடைக்கால நிவாரணம் கடல் மீனவருக்கு மட்டும்தான். மழை பொய்த்துக் குளம் வற்றிய வருடத்தில் இவர்களுக்கும் மாதக்கணக்கில் தொழில் கிடையாது, ஆனால் அதற்கு ஏப்ரல் 15 மாதிரி ஒரு தேதி குறிக்க முடியாது. மீன் பாசிக் குத்தகை எடுத்தவரிடம்தான் இவர்களும் முன்பணம் வாங்குகிறார்கள்.